எதிரி நிரல்

பாலமீன்மடு வெளிச்சவீட்டு வளவில்
ரோமாபுரியை ஒரு நாள் இறக்கிவைக்க
மூன்று அனுமதி தேவைப்பட்டது.
பிரதேச செயலகம் ஒன்று, பொலிஸ் ஒன்று.
மூன்றாவது, அங்கே ஆடு மேய்க்கும் சீனித்தம்பியிடம்,
வாயால்.

பொலிஸ் படிவம் கேட்டது:
ஆயுதம் உண்டா, இல்லையா.
உண்டு என்று எழுதினேன். வெட்டினேன்.
இல்லை என்று எழுதி
'பலகை வாள் இருபத்திரண்டு' என்று
ஓரத்தில் பொடி எழுத்தில் சேர்த்தேன்.
சார்ஜன் இரண்டுதரம் வாசித்தார்.
"எந்தச் சண்டை இது?"
"ஆயிரத்துத் தொளாயிரம் வருசத்துக்கு முந்தினது, சேர்."
"முடிஞ்சுதா?"
முடிஞ்சுது என்றேன்.
முத்திரை குத்தினார்.

தலைக்கவசம் டெரன்ஸ் பார்த்தலட் அடித்தது.
அலுமினியச் சட்டி, பிடரிக்குத் தகரம்,
உச்சிக் குஞ்சத்துக்குச் சிவப்பு மையில் முக்கிய
தும்புத்தடித் தும்பு.
அங்கிகளைக் காத்தான்குடியில் நஸீஹா தைத்தாள்.
"முழங்காலுக்கு மேலயா?
ஒரு சாண் கூட்டிவிடுறன்,
உங்கட ரோமருக்கும் நல்லது."
அப்படித்தான் எங்கள் படை
சரித்திரத்தைவிட ஒரு சாண் நீளமாய் வந்தது.

யவனர் கப்பல் இந்தக் கரைக்கும் வந்ததாம் என்று
கூட்டத்தில் ஒருவர் தொடங்கினார்.
எந்தக் கரை என்று கேட்டால்
கையைக் கடல் பக்கம் பொதுவாக வீசினார்.

பதிவுக் கொப்பியில் இரண்டு நிரல் போட்டிருந்தேன்.
இடப்பக்கம் ரோமர், வலப்பக்கம் எதிரி.
இரண்டு கிழமையில்
ரோமர் நிரம்பி அட்டையில் ஏறிவிட்டார்கள்.
வலப்பக்கம் கோடு மட்டும்.
எதிரிக்கு உடுப்புச் செலவில்லை என்று ஆசைகாட்டினேன்.
"அவங்க அவங்கட ஊரில இருந்த ஆக்கள்,
மறுகா எப்பிடி எதிரி?" என்றான் கிருபைராசா.
மீன் லொறி ஓட்டும் லோகிதன்
கதிரையைப் பின்னால் தள்ளி எழும்பினான்.
"நான் விழுந்து கிடக்கமாட்டன்.
சும்மாவும் மாட்டன்."
ஏனென்று ஒருவரும் கேட்கவில்லை.
மின்விசிறி எங்கள் தாள்களைப் புரட்டியது.

'எதிரி'யை வெட்டி
'சமையல்' என்று எழுதினேன்.
ஐந்து நிமிசத்தில் ஒன்பது பெயர்.

அன்றைக்குக் கச்சான் காற்று.
கூடாரம் மூன்றுதரம் பறந்து
மூன்றுதரமும் சவுக்கு மரத்தில் பிடிபட்டது.
வாற்கோதுமை கிடைக்கவில்லை;
பேரரசு குரக்கன் ரொட்டி தின்றது.
பத்துமணிக்குச் சம்பளம்.
தகரக் காசை எண்ணிக் கொடுத்துவிட்டு
செருப்புக்கும் சாப்பாட்டுக்கும் கழித்தோம்,
அந்தக் காலத்து முறைப்படி.
"ரோமாபுரியிலயும் கழிவா?"
வரிசையே கொந்தளித்தது.
முழுநாளிலும் நடந்த ஒரே கலகம் அது.

மறுகா, வீட்டுக்குக் கடிதம்.
சீவிய பலகைத் துண்டு, கரி மை.
முப்பத்துநாலு பாகை வெயிலில்
ஓட்டமாவடிப் பொடியன் எழுதினான்:
உம்மா, இஞ்ச சரியான குளிர், காலுறை அனுப்புங்க.
எல்லாரும் வாங்கி வாங்கி வாசித்துச் சிரித்தோம்.
சேர்த்து எண்ணினால் இருபத்தொன்று.
லோகிதன் வேலியோரம் நின்று
அங்கியின் மடிப்பைத் தடவிக்கொண்டிருந்தான்.
ஒன்று குறையுது என்று நான் கூப்பிடவில்லை.

பள்ளிப் பிள்ளைகள் கேட்டதற்காக
ஒரேயொருதரம் ஆமை அணி.
கேடயங்கள் தலைக்குமேல் ஓடாய்ச் சேர,
சீனித்தம்பியின் கிடாய் உள்ளே புகுந்துவிட்டது.
ஆமை வயிற்றுக்குள் கனைத்தது, சிரித்தது,
நாலாய்ப் பிளந்தது.
சிவில் உடுப்பில் வந்திருந்த சார்ஜனின் மகள்
யார் தோத்தது என்று கேட்டாள்.
அவர் என்னைப் பார்த்தார்.
நான் கருகிய ரொட்டித் தட்டை நீட்டினேன்.

பின்னேரம் சாமான் ஏற்றும்போது
ஒரு கேடயம் குறைவு.

மார்கழி மழையில் திராய்மடுப் பக்கம் போனேன்.
ஒரு கோழிக்கூட்டுக்குக் கதவாய் நின்றது அது,
நான் கீறிய கழுகு தலைகீழாக.
நனைந்த பேடு ஒன்று
கழுகின் செட்டைக்குக் கீழே குனிந்து
உள்ளே போனது.

கணக்குக் கொப்பியில்
'களவு' என்ற இடத்தை வெறுமையாய் விட்டு
'தேய்மானம், ஒன்று' என்று பதிந்தேன்.