முப்பத்தொன்பது அவுன்ஸ்

லேலண்ட் ஹாஸ்கெட் அதைக் கொண்டுவந்து வைத்தபோது
என் பணிமேசை முனகியது.
மிகைப்படுத்தவில்லை;
அதன் இடது காலில் ஏற்கெனவே ஆட்டம் உண்டு.

பதின்மூன்று பவுண்டு, இரண்டு அவுன்ஸ்.
சமதரையில் குப்புறப் படுத்து
இரும்புத் தகடுகளைச் சுடுவதற்கென்று வாங்கியது.
அலுமினியச் சேசிஸ். எங்கு தொட்டாலும் ஒரு திருகு,
எங்கு பார்த்தாலும் எதையாவது மாட்ட ஓர் இடம்.
இதைச் சுமந்துகொண்டு
லெம்ஹாய் மலை முகட்டுக்கு ஏறப் போகிறாராம்.

பதினேழு வருடம் விண்ணப்பித்து
குலுக்கலில் விழுந்திருக்கிறது மலையாட்டுக்கான சீட்டு.
வாழ்நாளில் ஒரேமுறை என்று அச்சடித்திருந்தது.
கல்யாணப் பத்திரிகையில்கூட
அப்படிப் போடத் துணிவதில்லை யாரும்.

"வேறு துப்பாக்கி வாங்குங்களேன்."
"இதுதான் என் பேச்சைக் கேட்கும்."
"வயிற்றில் ஒரு பத்து பவுண்டு குறைத்தால்..."
"அதற்கு உன் கடைக்கு ஏன் வர வேண்டும், ஆர்லீன்?"

சரி.

முதலில் சுலபமானவை.
இரவுக் கண்ணாடி மாட்டும் பாலம் போனது.
பத்துத் தோட்டாப் பெட்டி போய் மூன்று வந்தது.
கட்டையை மடக்கும் எஃகுக் கீலைக் கழற்றும்போது மட்டும்
கொஞ்சம் முகம் சுருங்கினார்:
மூடும்போது ஒரு சத்தம் வருமே, நன்றாயிருக்கும்.

பிறகு குழல்.
இருபத்தாறு அங்குலத்தில் ஆறை அறுத்தேன்.
விழுந்த துண்டு ஆறும்வரை காத்திருந்து
கையில் எடுத்து, அதன் வழியே
எதிர்த் தெருப் பெட்ரோல் நிலையத்தைப் பார்த்தார்.
முழுதாக ஒரு பவுண்டு.
கோட்டுப்பையில் போட்டுக்கொண்டார்.

முன்கட்டையை மில்லிங் மெஷினில் ஏற்றி
பக்கத்துக்கு ஐந்து சன்னல் வெட்டினேன்.
அலுமினியச் சுருள்கள் என் காலுறைக்குள் புகுந்து
வீடுவரை வந்தன.
நாயின் தட்டில் ஒன்று மினுங்கியது.

ஓரிடத்தில் நிறுத்திக்கொண்டேன்.
வெடிக்கும்போது எஃகு வந்து முட்டும் சுவர் அது.
இன்னும் ஓர் அவுன்ஸ் அங்கே இருந்தது.
அவருக்கும் தெரிந்திருந்தது.
கேட்கவில்லை.

தபால் தராசில் வைத்தோம்:
பத்து பவுண்டு, பதினொரு அவுன்ஸ்.
"எடை எங்கும் போய்விடாது," என்றேன்.
"நான் செதுக்கியதெல்லாம் தோளில் வந்து இடிக்கும்.
காற்றடித்தால் முனை சொன்னபடி நிற்காது."
"முதலில் ஏறி முடிக்கிறேன்," என்றார்.

அக்டோபர் கடைசியில் வந்தார்.
தோளைக் காட்டினார், கத்தரிப்பூ நிறம்.
முகட்டில் காற்றாம். எதிர்ப் பாறைத்தட்டில்
அழுக்கு வெள்ளையாய் ஒரு கிழட்டுக் கடா,
முந்நூறு கஜம்.
குழல் முனை கடாவைச் சுற்றிச் சுற்றி வந்ததாம்,
அதன்மேல் மட்டும் நிற்கவே இல்லையாம்.

ஒரு மணி நேரம் படுத்திருந்தார்.
பிறகு கழுத்துத் துணியை அவிழ்த்து,
கைக்கெட்டிய கல்லொன்றை அதில் முடிந்து,
நான் வெட்டிய சன்னல் ஒன்றில் கோத்துத்
தொங்கவிட்டார்.
முனை நின்றது.
ஒரு தோட்டா.

இரண்டு நடையாக இறக்கியிருக்கிறார் இறைச்சியையும் தோலையும்.
இரண்டாம் நடையில் இதையும்:
என் மேசைமேல் உருட்டினார்,
பாசி காய்ந்த, மாட்டுக் குளம்பு போன்ற சாம்பல் கல்.
தராசில் வைத்தேன்.
நாற்பத்திரண்டு அவுன்ஸ்.
"மூன்று கூடுதல். பில்லில் கழித்துக்கொள்."

மேசைக் காலுக்கு முட்டுக்கொடுத்துப் பார்த்தேன்,
உயரம் ஒத்துவரவில்லை.
அதன் கீழ் அவருடைய பில்தான் இருக்கிறது,
இன்னும் கட்டாமல்.

போகும்போது வாசலில் நின்று
கையுறையைத் தேடிக் கோட்டுப்பையைக் கவிழ்த்தார்.
சாவி, மிட்டாய்க் காகிதம்,
ஆறு அங்குலக் குழல்.

"இதையுமா?" என்றேன்.
"மறந்துவிட்டேன்," என்றார்.
போகவர இருபத்திரண்டு மைல்.