நாற்பத்தைந்து எழுத்து

வெர்மான்டில் பிப்ரவரி. கல்லறைக்கல் செதுக்கும் பட்டறை.
எர்சிலியா கசங்கிய தாளை நீட்டினாள்:
"என் புருஷனைத் தின்றது இது.
கல்லில் இருக்கட்டும். கம்பெனிக்காரன் படிக்கட்டும்."

டுல்லியோ விரல் வைத்து வாசித்தான்.
நியூமோனோ
(இருமல்)
அல்ட்ராமைக்ராஸ்கோபிக்
ஜன்னலைத் திறந்தான், குளிர், மூடினான்
சிலிகோவல்கேனோ
"எரிமலையா? கருங்கல்லைத் தவிர
என்ன பார்த்தான் அவன்?"
"கோனியோசிஸ்" என்று அவளே முடித்தாள்.
ராத்திரியெல்லாம் மனப்பாடம் செய்திருந்தாள்.

யாரோ படித்தவன் விளையாட்டுக்குக் கட்டிய சொல்லாம்.
டாக்டர் பாதி சிரிப்போடு எழுதித் தந்தாராம்.

எழுத்துக்கு இவ்வளவு என்று பட்டறையில் விலை உண்டு.
அவன் அதைக் கணக்குப் பார்க்கவில்லை.
ஓர் எழுத்துக்கு ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடி,
நாற்பத்தைந்து சிட்டிகை.
உளியை எடுத்தான். மறுபடி இருமினான்.

அந்த இருமலை அவளுக்குத் தெரியும்.
பதினோரு வருஷம் அதன் பக்கத்தில் படுத்திருக்கிறாள்.

தாளை வாங்கி நாலாய் மடித்தாள்.
"தூசி என்று போடு."

இங்கிலீஷில் அதற்கு நாலே எழுத்து.

கதவுவரை போனவள் திரும்பி வந்து
தன் கழுத்துத் துணியை வாளியில் நனைத்துப் பிழிந்தாள்.
"முதலில் இதை மூக்கில் கட்டு."