முதல் கட்டம்

இந்த ஊரில் போர்வையா என்று
துணிக்கடைக்காரர் சிரித்தார்.
சித்திரை வெயில். கடையின் மூன்று மின்விசிறிகளும்
ஒரே சூட்டைத்தான் கைமாற்றிக்கொண்டிருந்தன.
வெளியே ஏகாம்பரம் வீதியில் ஒரு நாய்
தன் நிழலுக்குள்ளேயே படுக்க இடம் தேடியது.
போர்வைதான், என்றேன்.
அரை மீற்றர் வெள்ளை, அரை மீற்றர் நீலம்.
வெட்டுத்துண்டு கிடந்தால் அதையும் போடுங்கள்.

குருதிச் சுத்திகரிப்புப் பிரிவில்
குளிரூட்டி பதினெட்டில் நிற்கிறது.
மெசினுக்காக வைத்த குளிர் அது.
செவ்வாயும் வெள்ளியும் நாலு மணித்தியாலம்
ஊசி ஏறிய கையை அசைக்காமல்
மற்றதெல்லாம் நடுங்குவான் தம்பி.
ஆஸ்பத்திரிக் கம்பளியைத் தொடமாட்டான்,
பொலிஸ் ஸ்டேசன் மணக்குதாம்.

எட்டு முனை நட்சத்திரத்தில்தான் தொடங்கினேன்.
சாதாரண தரத்தில் கணிதத்துக்கு ஏ எடுத்தவள்,
ஒரு முக்கோணம் என்னை என்ன செய்யும்?
குறுக்கே வெட்டிய துணி
கையில் எடுத்ததும் இழுபட்டது.
கால் அங்குலத் தையல் என்பது
கால் அங்குலம்தான் என்று
அன்றைக்குத்தான் விளங்கிற்று.
மூன்று முனை மழுங்கிப் போயின.
ஒன்று நடுவுக்கு வராமலே நின்றுவிட்டது,
கலியாண வீட்டில் படலையடியில் நிற்கும் சொந்தக்காரரைப்போல.

சாயம் இறங்குமே என்று கழுவிக்
கொடியில் போட்டிருந்த மிச்ச நீலத்தைக்
கோட்டைப் பக்கமிருந்து வந்த மான் சப்பியது.
அதற்கும் பிடிக்கவில்லை.
இரண்டு துண்டை மதிலடியில் துப்பிவிட்டுப் போயிருந்தது.

கிண்ணியாவிலிருந்து கணவரோடு
முதல் பஸ்ஸில் வருகிற ஜெஸீமா சொன்னா:
"நடுவுல சிவப்புச் சதுரம் வைங்க.
சுத்திவரப் பட்டி பட்டியாத் தைங்க,
வளவுக்கு வேலி அடைக்கிற மாதிரி."
அழகுதான்.
ஆனால் ஒவ்வொரு பட்டியும்
முந்தின பட்டியின் பிழையை அளந்து வெட்டியது.
ஐந்தாம் சுற்றில் என் வளவு
பக்கத்துக் காணிக்குள் போய்விட்டது.
ஜெஸீமா பார்த்தா. ஒன்றும் சொல்லவில்லை.
பையிலிருந்து தொதல் எடுத்துத் தந்தா.

கண்ணை மூடியபடி தம்பி சொன்னான்:
"கன்னியாக் கிணறுமாதிரிப் போடன்.
சதுரம், சதுரம், சதுரம்."
"அது ஏழு. எனக்கு வேணும் ஒன்பது."
"ரெண்டை நீ தோண்டு."

ஐந்து வெள்ளை. நாலு நீலம்.
மூன்று மூன்றாக மூன்று வரிசை.
முக்கோணம் இல்லை. சரிவு இல்லை.
படத்தில் பார்த்தபோது
குளியலறைத் தரை என்று நான் தள்ளிய அதே மாதிரி.
வெள்ளி முழுக்கப் பார்த்திருந்தேன்:
ஏதோவொரு மெசின் கத்தும்,
தாதி ஓடிவருவா, நானும் எழும்புவேன்.
நட்சத்திரத்தைப் பாதியில் விட்டால்
திரும்பிவந்து எந்த முனை எதுவென்று தெரியாது.
சதுரத்தை எங்கே விட்டாலும்
ஊசி குத்தின இடத்திலேயே நிற்கும்.

தையலின் விளிம்பை
ஒரு வரிசையில் இடப்பக்கம் மடித்து
அடுத்ததில் வலப்பக்கம் மடித்து
நகத்தால் அழுத்தினேன்.
விரலடியில் இரண்டு தடிப்பும்
டிக் என்று ஒன்றையொன்று பிடித்தன.
பொய் சொல்வானேன், மூன்று மூலைதான் அப்படி.
நாலாவதில் ஒரு நெல் அகலம் விலகல்.

பிரித்துத் தைக்கவா என்று கேட்டேன்.
"கிருபராஜ், கையை ஆட்டாதீங்க" என்று
தாதி அங்கிருந்தே சத்தம் போட்டா.
மற்றக் கையால் வாங்கினான்.
ஒன்பது அங்குலத் துணி.
இன்னும் முப்பத்தொன்பது தைக்கவேண்டும்,
வருகைக்கு ஒன்று என்றால்
மாரிக்கு முதல் முடியும்.
அதைச் சொல்லவில்லை.

இடது முழங்காலில் விரித்து
ஒரு சுருக்கத்தைத் தடவிவிட்டான்.
"இதுக்குக் காணும்.
வலதுக்கு?"

வலதுக்கு வெள்ளிக்கிழமை, என்றேன்.