பன்னிரண்டு கயிறுகள்

போர்ட் லூயிஸ் துறைமுகத்தில்
இழுவைப் படகில் கயிறு பிடிப்பவன் நான்.
பெரிய கப்பல் உள்ளே வர
இடப்பக்கம் ஒரு படகு, வலப்பக்கம் ஒரு படகு.
கோபுரத்திலிருந்து வானொலியில் ஒரே குரல்:
இழு. தளர்த்து. நில்.
இரண்டு படகும் ஒரே சொல்லை
ஒரே நொடியில் கேட்க வேண்டும்.
இல்லாவிட்டால் கப்பல் கோணும்.

செல்வினாவின் கண் கோணியது
இரண்டரை வயதில், ஒரு லிச்சிக் காலத்தில்.
முதலில் களைத்தபோது மட்டும்.
பிறகு வெயிலில்.
பிறகு எப்போதும்.

மாறுகண் யோகம் என்றாள் என் அக்கா.
எதிர்வீட்டு மதாம் க்ளோதேத் உதட்டைப் பிதுக்கினாள்.
பள்ளியில் வேறு பெயர் வைத்தார்கள்;
அதை இங்கே எழுத மாட்டேன்.

கயிற்றுக்காரன் புத்தி எனக்கு.
எங்கோ ஒரு கயிறு தளர்ந்திருக்கிறது,
இறுக்கிக் கட்டினால் தீர்ந்தது என்று நினைத்தேன்.

மோக்கா ஆஸ்பத்திரியில் மிஸ் லீ சாங்
ஒரு கண்ணைப் பொத்திப் பேனாவை நகர்த்தினாள்.
மேலே, கீழே, மூக்கோரம், காதோரம்,
கண் எங்கும் போய்வந்தது.
மற்றதைப் பொத்தினாள். இதுவும் போனது.
"கயிறெல்லாம் நல்ல கயிறு, மிஸ்யே சூபென்.
கண்ணுக்கு ஆறு. பன்னிரண்டும் திடம்.
இழுக்கச் சொல்லும் குரல்தான்
இரண்டையும் சேர்த்துப் பிடிக்கக் கற்கவில்லை."
எங்கே இருக்கிறது அந்தக் குரல்?
"பிடரிக்கு உள்ளே, மூளையின் தண்டில்,
அதற்கும் மேலே, பல மேசைகளில்."
எந்த மேசையில் தவறு என்று
அவர்களுக்கே இன்னும் சரியாகத் தெரியாதாம்.
அதைச் சொன்னதால்தான் அவளை நம்பினேன்.

அப்படியென்றால் பிள்ளைக்கு
எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியுமா?
இல்லையாம். சின்ன மூளை கெட்டிக்கார மூளை;
முரண்படும் இரண்டு சாட்சிகளில்
ஒருவரை வாய்மூடச் சொல்லிவிடும்.
செல்வினாவின் மூளைக்கு நியாயம் கொஞ்சம் கூடுதல்:
முறைவைத்து மூடுகிறது.

திரும்பும் பஸ்ஸில் கவனித்தேன்.
வலப்பக்கம் மலை வந்தது, வலக்கண் அதை எடுத்துக்கொண்டது.
இடப்பக்கம் கரும்பு வந்தது, இடக்கண் எடுத்துக்கொண்டது.
தலை அசையவே இல்லை.
நடுவே எங்கோ ஓர் எல்லை,
அங்கே கண்ணுக்குக் கண் உலகம் கைமாறியது.
ஷிஃப்ட் மாறும் சங்கொலிகூட இல்லை.
அவளுக்கு வலப்புறம் அவள் அம்மா, இடப்புறம் நான்.
என்னை இடக்கண்ணுக்கு ஒதுக்கியிருந்தாள்.
இத்தனை நாள் எனக்கு அது தெரியாது.

ஏழாம் வயதில் அறுவை.
வெளித்தசையைக் கழற்றி
சில மில்லிமீட்டர் பின்னால் தைத்தார்கள்.
கயிற்றில் பிழையில்லை என்றவர்கள்
கயிற்றை ஏன் தொட்டீர்கள் என்று கேட்டேன்.
"குரலைத் திருத்த எங்கள் கை எட்டவில்லை.
கேட்கிற கயிற்றைத் தளர்த்துகிறோம்."
எங்கள் வேலையிலும் அதுதான் நடப்பு.
கோபுரம் தப்பாகச் சொன்னால்
கோபுரத்தை யாரும் கழற்றுவதில்லை.

ஃபோட்டோவில் கண் நேராக வந்தது.
அவள் அம்மா ஒரே நாளில் பதினாறு எடுத்தாள்.

பிறகு அந்தப் புத்தகம்:
கறுப்புக் கண்ணாடி மாட்டிப் பார்க்க ஓர் ஈயின் படம்.
எனக்கும் ஒன்று தந்தார்கள், சும்மா.
ஈ எழுந்தது.
கோழி அளவு ஈ, இறக்கை என் மூக்கை நோக்கி.
விரலால் பிடிக்கப் போனேன்,
தாளுக்கு ஒரு சாண் மேலே.
செல்வினா தாளைத் தட்டினாள்,
ரொட்டிமாவைத் தட்டுவதுபோல.
"படம்ப்பா. தட்டையா இருக்கு."

மிஸ் லீ சாங் ஏதோ எழுதினாள்.
சின்னச் சொல்தான். பேனா சீக்கிரம் நின்றது.

செல்வினா என்னைப் பார்த்தாள்,
இரண்டு கண்ணும் நேராக.
எந்தக் கண்ணில் இருக்கிறேன் என்று
இனி என்னால் கண்டுபிடிக்க முடியாது.
என் விரல் இன்னும் அந்தரத்தில்.

"காத்துல என்னப்பா புடிச்சே?"