மரையில் ஏறிய பச்சை

ஞாயிற்றுக்கிழமை பூசை கண்டு வந்து
சாளைக் குழம்புக்குப் புளி ஊறுகிற நேரத்தில்
ஒரு விரல் அளவு எடுத்துக்கொள்வேன்.
ஜெனிற்றாவுக்குத் தெரியும். கேட்கமாட்டாள்.

பீரோவின் அடித்தட்டில்
ஒற்றைக் காலுறைக்குள் கிடக்கிறது செம்புக் குழல்.
கப்பலில் எண்ணெய் போடுகிற மச்சான் சூசைமிக்கேல்
ஏதோ துறைமுகத்தில் வாங்கி
"பீடிய விடும் வே, இதப் பிடியும்" என்று தந்தது.
பீடியை விட்டேன்.
இதில் ஊற்றுகிற மாம்பழச் சாறு
ஒரு கிறிஸ்துமசுக்கு முந்தின வாரம் தீர்ந்தது.
விற்கக் கூடாதென்று சட்டம்.
மச்சானும் அடுத்த தடவை சோப்புதான் கொண்டுவந்தான்.
மூன்று வருடமாகப் புகைவதில்லை இது.
துடைக்கிறேன்.

முதலில் பேட்டரி. அதை
சாவியும் சில்லறையும் படாத தட்டில் வைக்க வேண்டும்.
பிறகு மேல்மூடி. பிறகு அடிப்பொத்தான், அதன் சுருள்.
உள்ளே கம்பி என்று ஒன்று கிடையாது.
கையில் பிடிக்கிற உடம்புதான் கம்பி.
மின்சாரம் மரையைத் தொட்டுத் தொட்டுத்தான் ஏற வேண்டும்;
அங்கே அழுக்கிருந்தால்
போகிற வழியிலேயே நின்று சூடாகும்,
கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கிறவனைப் போல.

திசையன்விளையில் தேரி மண் போகாத இடம் இல்லை.
ஆடி பிறந்தால் சோற்றில் நறநறக்கும்,
செபப்புத்தகத்தின் தாளில் இருக்கும்,
காலுறைக்குள் முடிச்சிட்ட குழலின் மரைப்பள்ளத்திலும்
சிவப்பாய் ஒரு சுற்றுக் கோடு.
அதன்மேல் பச்சை, செம்பின் களிம்பு.
புளி, கொஞ்சம் கல்லுப்பு, பழைய பல் பிரஷ்.
குறுக்கே தேய்க்கக் கூடாது,
மரை போகிற போக்கிலேயே போக வேண்டும்.
உப்பு தங்காமல் நன்றாக அலசி
கொரோனாவில் வாங்கி மிஞ்சிய சானிடைசரை
காது குடையும் பஞ்சில் நனைத்து ஒரு சுற்று.
கடைசியில் தையல் நூல்.
பள்ளத்துக்குள் சுற்றி மெல்ல இழுத்தால்
கறுப்பாக வரும். இன்னொரு நூல்: சாம்பல்.
இன்னொன்று.

ராதாபுரத்துப் பக்கம் காற்றாலையில் வேலை எனக்கு.
எண்பது மீட்டருக்கு மேலே,
மணிக்கட்டுத் தடிமனில் போல்ட்டுகள்.
ஒவ்வொன்றுக்கும் இறுக்கக் கணக்கு உண்டு,
மஞ்சள் மார்க்கரில் கோடு, நோட்டில் கையெழுத்து.
ஒரு வருடம் ஒரு நட்டு அசையவில்லை.
மூன்று பேர் தொங்கினோம். பிறகு அறுத்தோம்.
மரையைத் துடைக்காமல் ஏற்றியது யாரென்று
நோட்டைப் புரட்டினார்கள்.
என் கையெழுத்து, அழகாக, சாய்வாக.
"மரை கழண்ட பய" என்றார் சூப்பர்வைசர் தேவசகாயம்.
கழண்டிருந்தால் தேவலை சார்,
கழலாததுதானே இப்போது சங்கடம்
என்று சொல்லவில்லை. ஏணி இறங்கும்போது நினைத்துக்கொண்டேன்.
இறங்க இருபது நிமிடம் ஆகும்.

இன்றைக்கு மீன் கழுவிய கையோடு
பக்கத்தில் வந்து குத்தவைத்தாள் ஜெனிற்றா.
"ஊதாத கொழலுக்கு இம்புட்டு ஊழியமா?"
மேல்மூடியை எடுத்தாள்.
ஈரம், என்றேன். நைட்டியில் துடைத்துக்கொண்டாள்.
குழலின் வாயில் நேராக வைத்து
முதலில் இடப்பக்கம் திருப்பினாள்.
நான் சொல்லித்தரவில்லை.
பின்னால், இன்னும் கொஞ்சம் பின்னால்,
டக்.
மரை மரைக்குள் விழுகிற அந்தச் சின்னச் சத்தம்.
பிறகு வலப்பக்கம், இரண்டே விரலில்,
ஒரு முனகல்கூட இல்லாமல் ஏறியது.

நான் பார்த்ததைப் பார்த்துவிட்டு
"மிக்சி ஜாரு அடிய
தெனம் எவன் கழத்தி மாட்டுதானாம்?" என்றாள்.

பதினோரு வருடம்.
பிளேடுக்கடியில் தேங்காய்ச் சக்கை,
குக்கர் பிடி, ஸ்டவ் பர்னர், தண்ணீர்க் கேன் மூடி,
எல்லாம் என் முதுகுக்குப் பின்னால்
நோட்டும் கையெழுத்தும் இல்லாமல்.

குழலைக் காலுறைக்குள் விட்டேன்.
குழம்பில் இன்றைக்குப் புளி ஒரு விரல் குறைச்சல்.
இரண்டாம் தடவையும் ஊற்றிக்கொண்டேன்.