மூடு

நாகலாபுரம் தாண்டி, ஆற்றோரம் ஒரு கம்பத்தில்
எங்கள் நீர்மட்ட மானி. அதற்குள் ஒரு சிம்.
மழை வலுத்தால் ஆந்திர டவரை விட்டுவிட்டு
நம்முடையதைத் தேடும்.
இரண்டுக்கும் நடுவே அது அல்லாடுவது பதினேழு நிமிடம்,
சில நாள் நாற்பது.
நல்வரவு சொல்லி அதற்கும் செய்தி வரும்.
யார் படிக்க.

அந்தத் தாமதத்துக்கு என் மாதிரியில் 'த' என்று பெயர்.
காய்ந்த மண் குடிக்கும் நீருக்கு 'கு'.
"தெரியாததுக்கெல்லாம் பேர் வெச்சா
தெரிஞ்சதாயிடுமா?" என்றார் செயற்பொறியாளர்.
ஆகாது சார். கூப்பிடலாம்.

நவம்பர். இரவு பதினொன்று இருபது.
மானி 2.84 என்றது.
பிறகு எதுவும் சொல்லவில்லை.

திரையில் கோடு நிற்கவில்லை.
கடைசி எண்ணைப் பிடித்துக்கொண்டு முன்னே போனது,
இருபுறமும் சாம்பல் பட்டை விரிய.
பத்து நிமிடத்தில் விரல் அகலம்.
அரை மணியில் கை அகலம்.
ஒரு மணிக்குத் திரையே சாம்பல்:
ஆறு கணுக்காலிலும் இருக்கலாம்
கரைக்கு மேலும் இருக்கலாம்.
தெரியாது என்பதை இவ்வளவு நேர்மையாக
யாரும் என்னிடம் சொன்னதில்லை.

பட்டை விரிந்தால் மேல் ஓரத்தை நம்பு:
நானே எழுதிய விதி.
ஐந்து மதகில் மூன்றைத் திறக்க வேண்டும்.
பெஞ்சலய்யாவுக்குப் போன் போட்டேன்.
மழையில் முக்கால்வாசி வார்த்தை நனைந்து போனது.
"மூணு" என்றேன்.
"மூடா?" என்றார்.
அவர் மொழியில் அது எண்.
என் காதில் விழுந்தது "மூடவா?"
"ஐயோ மூடாதீங்க, திறங்க!" என்று கத்தினேன்.

மூன்று இல்லையென்றால் நாலு
என்று கணக்குப் போட்டிருக்கிறார் மனுஷர்.

விடிந்தபோது கரை நின்றது.
கீழே முனிரத்தினத்தின் வேர்க்கடலை
முக்கால் ஏக்கர் போயிற்று.
மூன்று மதகே போதுமாயிருந்ததா,
நாலால்தான் கரை தப்பியதா,
சொல்ல வேண்டிய மானி
இரண்டு கிலோமீட்டர் கீழே
கரும்புக் கொல்லையில் தலைகுப்புறக் கிடந்தது.

மாதிரியை இரண்டு விதமாகவும் ஓட்டினேன்.
இரண்டிலும் கரை நிற்கிறது.
இரண்டிலும் உடைகிறது.
முனிரத்தினம் மேசைக்கு எதிரே உட்கார்ந்து
அரை மணி நேரம் அந்தச் சாம்பலைப் பார்த்தார்.
"இதுல என் கொல்லை எங்கம்மா?" என்றார்.

புது மானிக்கு இரண்டு சிம்.
பதிப்பு நான்கில் ஓர் எழுத்து கூடியிருக்கிறது.
இனி போனில் எண் சொல்வதில்லை,
மதகின் நிறம் சொல்கிறோம்.
பெஞ்சலய்யா போன வாரம் ஐந்துக்கும் பெயின்ட் அடித்தார்.
மஞ்சள் மிஞ்சியதாம்,
மானிக் கம்பத்துக்கும் அடித்துவிட்டார்.
மாதிரியில் அது இன்னும் இல்லை.