இருபத்துநாலால் பெருக்கு

கொக்கிப்புழுவின் முட்டைக்குக்
கண்ணாடித் தகட்டில் அரைமணி ஆயுள்.
பிறகு கிளிசரினில் கரைந்து
இல்லவே இல்லை என்றாகிவிடும்.
அதனால்தான்
தகடுகளைக் கீழே கொண்டுபோகாமல்
நுண்ணோக்கியைத் தாண்டிக்குடிக்குத் தூக்கிவந்தோம்,
மடியில் வைத்து
வளைவுக்கு வளைவு மூச்சடக்கி.

காப்பித் தோட்டத்து லைன் வீட்டில் கடைசி அறை.
கொட்டை உலர்த்தும் பலகைதான் மேசை.
வெளிச்சம்,
மேகம் சன்னலை விட்டு விலகும்போது மட்டும்.

நேற்று மாலை அறுபத்துமூன்று பேருக்கு டப்பா கொடுத்தோம்.
விடிந்ததும் வந்தவை நாற்பத்தொன்று.
ஒன்றில் ஆட்டுப் புழுக்கை.
ஒன்று கழுவித் துடைத்து
உள்ளே மிளகு விதை.
"நல்ல மூடி, எறும்பு ஏறாது.
இன்னொண்ணு கிடைக்குமா?"
சுகாதார ஆய்வாளர் பிலவேந்திரன்
சிரிக்காமல் எழுதுகிறார்:
பெறப்படவில்லை.

எண்ணுகிறேன்.
மெல்லிய ஓடு, உள்ளே நாலாய்ப் பிளந்த கரு.
அழகுதான், வெளியே சொல்லக்கூடாது.
இருளாயியின் தகட்டில் பன்னிரண்டு.
இருபத்துநாலால் பெருக்கு.
கிராமுக்கு இருநூற்று எண்பத்தெட்டு.
படிவத்தின் பாஷையில் லேசான தொற்று.
அவள் கீழிமையை இழுத்துப் பார்த்தேன்,
அந்த லேசு
உரித்த வாழைத்தண்டு நிறத்தில் இருந்தது.

அடுத்த கட்டம்: செருப்பு உண்டா?
"இருக்கே."
ஆணியில் தொங்குகிறது, துணிக்கடைப் பைக்குள்,
வத்தலக்குண்டு போகும் நாளுக்காக.
லைன் முழுக்க உண்டு.
நூற்றுக்கு நூறு.

"போட்டுக்கிட்டுப் பறிக்கலாமே?" என்றேன்.
இருளாயி பதில் சொல்லவில்லை.
அரைச் சாக்குப் பழத்தை என் தோளில் ஏற்றி
ஓடைப்பக்கச் சரிவைக் காட்டினாள்.

மழை அப்போதுதான் விட்டிருந்தது.
ஆறாவது எட்டில் என் பூட்ஸ் தனியாகப் போகப் பார்த்தது.
ஒன்பதாவதில் போய்விட்டது.
பழமெல்லாம் சிவப்புச் சிவப்பாய் உருண்டோட
சவுக்கு மரமொன்றைக் கட்டிப்பிடித்து நின்றேன்.
கழற்றினேன்.
பெருவிரல் தானாகவே மண்ணைக் கவ்வியது,
பல நாள் இதற்கே காத்திருந்ததுபோல.
இறங்கிவிட்டேன்.

அந்தச் சரிவுக்கு மேலேதான்
லைன் முழுவதும் வெளிக்குப் போகும் புதர்.
தோட்ட நிர்வாகம் கக்கூஸ் நாலு கட்டித்தான் வைத்திருக்கிறது.
இரண்டில் உரமூட்டை.
ஒன்றில் பூட்டு.
ஒன்றில் எல்லாம் சரி, தண்ணீர் மட்டும் வராது.

மதியம் எல்லாருக்கும் மாத்திரை.
எங்கள் கண்முன் மென்று விழுங்க வேண்டும்.
கவிஸ்ரீ, மூன்றாம் வகுப்பு,
நாக்கை நீட்டிக் காட்டிவிட்டுக் கேட்டாள்:
"திரும்ப வந்தா திரும்பக் குடுப்பீங்களா?"
புழுவைச் சொன்னாளா, எங்களையா?
ஜீப் கிளம்பிவிட்டது.

ஏழாவது வாரம், கீழே, ஆய்வகம்.
புதிதாய் வந்த சாயத்தைச் சோதிக்கப்
பெயரில்லாத மாதிரி ஒன்று தேவைப்பட்டது.
என்னுடையதையே எடுத்தேன்.
ஓரத்தில் ஒன்று.
தகட்டை நகர்த்த இன்னொன்று.
மொத்தம் மூன்று.
பழக்கதோஷம், பெருக்கினேன்.
எழுபத்திரண்டு.

பாதத்தைத் திருப்பிப் பார்த்தேன்.
அன்றிரவு விரலிடுக்கு அரித்தது ஞாபகம் இருக்கிறது,
அட்டைக் கடி என்று உப்புத் தேய்த்தேன்.

அலமாரியில் மாத்திரை இருக்கிறது.
எனக்கு ஒன்று போதும்.
நான் நிற்பது சிமெண்டுத் தரை.

படிவம் நிரப்புகிறேன்,
பெயர், வயது, கிராமுக்கு எத்தனை.
செருப்பு உண்டா?
உண்டு.